7. ஷாக்கும் பிரேக்கும்

என் வண்டி 2009 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். ஏபிஎஸ் கிடையாது. மீட்டர் 1,20,000 கி.மீ. தாண்டியபோது அதற்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும், "ஆமாம், ஆமாம்" என்பதுபோல் மூக்கை இரண்டு தடவை ஆட்டும். பிரேக்கை மிதித்தால் நிற்கும்தான், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு நிற்கும். நான் முதலில் செய்த காரியம், சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், துளை போட்ட டிஸ்க், காலிப்பருக்கு அடிக்கும் சிவப்பு பெயிண்ட் எல்லாவற்றுக்கும் விலை கேட்டது. நல்லவேளை, அன்றைக்குக் கையில் அவ்வளவு பணம் இல்லை.

வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன் ஷாக்கில் எண்ணெய் கசிந்து தூசியோடு அப்பிக்கிடந்தது. லோயர் ஆர்ம் புஷ்ஷில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பிரேக் ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. இதன்மேல் எந்த விலையுயர்ந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும், இடிந்த சுவருக்கு வெள்ளையடித்த கதைதான். பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய அப்கிரேடு, அதை ஷோரூம் வாசலை விட்டு வந்த நாளின் நிலைக்குத் திருப்புவது. அதற்கு மேல் ஒரு படி வேண்டுமா என்பதைப் பிறகு ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். இந்த அத்தியாயம் அந்த வரிசையில்தான் போகிறது. ஸ்விஃப்ட்டை வைத்துச் சொல்கிறேன். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம், முன் டிஸ்க், பின் டிரம் என்ற அமைப்புள்ள எந்தச் சின்னக் காருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் டயரைப் பாருங்கள்

பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயர். உங்கள் பிரேக்கால் நாலு சக்கரத்தையும் பூட்டிவிட முடிகிறது என்றால், அதைவிடப் பெரிய பிரேக் போட்டாலும் ஒரே ஒரு அவசர நிறுத்தத்தில் தூரம் குறையாது. காய்ந்த தார் ரோட்டில் 100 கி.மீ. வேகத்தில் போகும் கார், நல்ல டயர் இருந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 45 முதல் 50 மீட்டருக்குள் நிற்கும். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், அந்த ஒரு நொடியில் வண்டி தாண்டுவது இன்னும் 28 மீட்டர். பெரிய டிஸ்க் இந்த இரண்டில் எதையும் குறைக்காது.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் எட்டு, பத்து வயதான டயர் கல்லாக இறுகியிருக்கும்; முதல் மழையில் அது தெரிந்துவிடும். அப்படி இருந்தால் இந்த அத்தியாயத்துக்கு ஒதுக்கிய பணத்தை டயருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த போனஸ் வந்ததும் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள்.

இடமும் கருவியும்

வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஒரு டிராலி ஜாக்கியும், இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டும் வாங்குங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் வைக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. கட்டுமானக் கல் பரவலான எடையைத் தாங்கும். ஒரே புள்ளியில் எடை விழுந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். கார் போர்ட்டிகோவில் மழைத்தண்ணீர் ஓடச் சரிவு விட்டிருப்பார்கள். அந்தச் சரிவில் தூக்க வேண்டாம். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைக்காமல் வண்டியின் ஓரத்தட்டுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

நட்டுகள் பெரும்பாலும் 14, 17, 19 அளவில் இருக்கும். அந்த சாக்கெட்டுகள், ராட்செட், நீளமான ஒரு கைப்பிடி, ஏர் எடுக்கும் நிப்பிளுக்கு 8, 10 அளவு ரிங் ஸ்பேனர் ஆகியவை வேண்டும். ஓப்பன் ஸ்பேனரை நிப்பிளில் போட்டால் முனை மழுங்கி, ஐந்து நிமிட வேலை ஐந்து மணி நேரமாகும். டார்க் ரெஞ்ச் ஒன்று கட்டாயம். "கைக்கணக்கு போதும் சார்" என்று சொல்லும் மெக்கானிக்கின் கைக்கு முப்பது வருட அனுபவம் இருக்கிறது, நம் கைக்கு இல்லை. எந்த நட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து, ஒரு தாளில் எழுதி டிக்கிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வேலைக்கு முந்தின நாள் மாலையே கழற்ற வேண்டிய எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். வீட்டில் ஒரு ஸ்கூட்டராவது ஓடும் நிலையில் இருக்கட்டும். சனிக்கிழமை மதியம் ஒரு கிளிப் உடையும், கடைக்கு ஓட வேண்டியிருக்கும். கார் அப்போது ஸ்டாண்டின் மேல் இருக்கும்.

ஷாக்: ஆட்டத்தை அடக்குவது

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை எண்ணெய் வழியே அடக்குகிறது. ஷாக் போன வண்டி மெத்தென்று போவதாகத் தோன்றும், அதனால் பலருக்குப் புகாரே இருக்காது. ஆனால் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும் ஒவ்வொரு கணமும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. மூக்கை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் காட்டும். எண்ணெய்க் கசிவையும், டயர் பட்டனைத் தடவும்போது அலையலையாகத் தட்டுப்படும் தேய்மானத்தையும் பாருங்கள். அவை பொய் சொல்லாது.

மாற்றினால் முன்னால் இரண்டும் சேர்த்து, அல்லது பின்னால் இரண்டும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறமாகச் சாயும்.

எந்த ஷாக் வாங்குவது? ஒரிஜினல் ஸ்பிரிங்கோடு போவதற்குக் கம்பெனி ஷாக்கோ, அதே அளவில் வரும் நல்ல பிராண்டின் கேஸ் ஷாக்கோ போதும். கேஸ் ஷாக்கில் எண்ணெயோடு அழுத்தப்பட்ட நைட்ரஜன் இருப்பதால், தொடர்ந்து குலுங்கும் ரோட்டில் எண்ணெய் நுரைப்பது குறையும். மோசமான ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டியபிறகும் வண்டி அதே மாதிரி நடந்துகொள்ளும். நம் ரோட்டுக்கு இந்த ஒரு படி அப்கிரேடு கொடுத்த காசுக்குத் தகும். கூடவே மேலே உள்ள ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் ரப்பர், தூசி மறைக்கும் பூட் நான்கையும் புதிதாக வாங்குங்கள். பழைய மவுண்ட்டோடு புது ஷாக் போட்டவர்கள் ஒரு மாதம் கழித்து, "கட் கட்னு சத்தம் வருது" என்று அதே வேலையை மறுபடி செய்கிறார்கள்.

முன் ஸ்ட்ரட்டைக் கழற்றுவது பயப்படும் அளவுக்கு இல்லை. பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை விடுவியுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க் ராட் ஸ்ட்ரட்டோடு சேர்ந்திருந்தால் கழற்றுங்கள். கீழே நக்கிளோடு பிணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைச் சுற்றி பெயிண்டால் ஒரு கோடு வரையுங்கள். திரும்பப் பூட்டும்போது ஏறத்தாழ அதே கோணத்தில் வரும். பிறகு போல்ட்டை உருவுங்கள். பானெட்டைத் திறந்து, மேலே ஓரமாக இருக்கும் நட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரட் கையோடு வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நூலிலேயே இதற்குத்தான் முதலிடம். மேலே நடுவில் ஒற்றையாக ஒரு நட்டு இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் அதைத் தொடாதீர்கள். சக்கரம் தொங்கும்போதும் அந்த ஸ்பிரிங் முழுசாக விரிந்துவிடவில்லை. அந்த ஒரு நட்டுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. கழன்றால் மவுண்ட் முகத்துக்கு நேராகப் பாயும். இரண்டு கொக்கியும் நீளத் திருகும் உள்ள மலிவான ஸ்பிரிங் கம்ப்ரஸர் கடையில் கிடைக்கும். நானும் ஒன்று வாங்கி, ஒருமுறை கொக்கி சுருளில் அரை அங்குலம் வழுக்கியதைப் பார்த்தபின் பரணில் போட்டுவிட்டேன். கழற்றிய ஸ்ட்ரட் இரண்டையும் ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்கு எடுத்துப் போங்கள். புது ஷாக்குக்கு ஸ்பிரிங்கை மாற்றித் தர அரை மணி நேரம் ஆகும். வீட்டு வேலை என்றால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தாக வேண்டும் என்று வேண்டுதல் எதுவும் இல்லை. அங்கே நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஷாக்கின் பளபளக்கும் தண்டை யாரும் கட்டிங் பிளேயரால் பிடிக்கக் கூடாது. அதில் விழும் ஒரு கீறல் மேலும் கீழும் போகும்போதெல்லாம் சீலை அறுக்கும். புது ஷாக் மூன்றே மாதத்தில் கசியும்.

பின்னால் வேலை சுலபம். டார்ஷன் பீம் அமைப்பில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. பீமுக்கு அடியில் ஜாக்கியால் தாங்கல் கொடுத்து, ஷாக்கின் மேல் பிடிப்பையும் கீழ்ப் பிடிப்பையும் கழற்றினால் முடிந்தது. தாங்கல் இல்லாமல் கழற்றினால் பீம் தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். அது மட்டும் நினைவிருக்கட்டும்.

புஷ்: யாரும் பார்க்காத ரப்பர்

ஸ்டியரிங் பழசானது போல் தோன்றுவதற்கும், பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் பல சமயம் காரணம் ஷாக் இல்லை, லோயர் ஆர்ம் புஷ்தான். ஒரு நெம்புகோலை ஆர்முக்கும் சேஸிக்கும் நடுவே கொடுத்து லேசாக நெம்பிப் பாருங்கள். வெடிப்பு வாயைத் திறக்கும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது கீழே "டக்" என்றால் பால் ஜாயின்ட். புஷ்ஷை மட்டும் மாற்ற பிரஸ் வேண்டும். வீட்டில் செய்பவர் புஷ்ஷும் பால் ஜாயின்டும் சேர்ந்து வரும் முழு ஆர்மையே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். புது ஆர்மை மாட்டினேன். வண்டி ஸ்டாண்டின் மேல், சக்கரம் காற்றில் தொங்கிக்கொண்டிருக்க, போல்ட்டை டார்க் ரெஞ்ச் "க்ளிக்" சொல்லும்வரை இறுக்கினேன். எண் சரி, முறை தப்பு. ஆறு மாதத்தில் புது புஷ் கிழிந்தது. காரணம் எளிது. புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டப்பட்டிருக்கிறது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். ஆர்ம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியைக் கீழே இறக்கிய நொடியிலிருந்து அது ராத்திரி பகலாக முறுக்கிக்கொண்டே நிற்கும். ஆகவே போல்ட்டை முதலில் கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். ஆர்மின் நுனிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, உடல் ஸ்டாண்டிலிருந்து கிளம்பலாமா என்று பார்க்கும் அளவுக்கு உயர்த்துங்கள். அந்த நிலையில் கடைசி இறுக்கம் கொடுங்கள். பின் பீமின் புஷ்ஷுக்கும் இதே விதி. பட்டறைகளில் அவசரத்தில் இதைத் தவறவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிரேக்: ஊட்டி கணக்கு

ஆள்களோடு சேர்த்து வண்டி 1,200 கிலோ என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் பிரேக் விழுங்கும் வெப்பம் சுமார் 460 கிலோஜூல். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை உயரத்தில் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில் வண்டி இழக்கும் ஆற்றல் 22,000 கிலோஜூலுக்கு மேல். கியரை நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவர், 100 கி.மீ. வேகத்திலிருந்து கிட்டத்தட்ட 48 முறை நிறுத்தியதற்குச் சமமான சூட்டை ஒரே பயணத்தில் பிரேக்குக்குக் கொடுக்கிறார். காற்றும் டயரும் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்ளும் என்றாலும் இது பெரிய சுமை. இரண்டாம் கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்ஜின் வாங்கிக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே கணக்குதான். இதைவிட மலிவான பிரேக் அப்கிரேடு உலகத்தில் கிடையாது.

அந்தச் சூட்டில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பேட் இல்லை, பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. புது டாட் 3 ஆயில் கொதிக்க குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும்; ஈரம் ஏறியதும் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இந்த எண்கள் 230-ம் 155-ம்; டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். கொதித்த ஆயில் ஆவியாகும், ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. வண்டி ஆறி நின்றபின் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். "பிரேக் ஃபெயிலியர்" என்று சொல்லப்படும் மலைப்பாதை விபத்துகளில் இந்தக் கதையும் உண்டு.

ஆகவே முதல் அப்கிரேடு ஒரு பாட்டில் டாட் 4. டாட் 3 இருந்த வண்டியில் தாராளமாகப் போடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு: டாட் 5 என்பது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 அது இல்லை. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்றால் கடையை மாற்றுங்கள். திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டிலை அடுத்த வருடம் பயன்படுத்த வேண்டாம். மூடியிருந்தாலும் அது ஈரத்தைக் குடித்திருக்கும்.

அடுத்து பேட். உராய்பொருளின் தடிமன் 3 மி.மீ.-க்குக் கீழ் வந்தால் மாற்றுங்கள். பல பேட்களின் ஓரத்தில் ஒரு குறியீட்டுவரி அச்சாகியிருக்கும். அதில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் முக்கியம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப் எஃப் என்று இருப்பது நம் தினசரி ஓட்டத்துக்குச் சரியான பேட். எஃப் ஈ என்றால் சூடேறியதும் தளரும். ஜி ஜி கடிக்கும், ஆனால் பெரும்பாலும் சத்தமும் தூசியும் கூட வரும். பிரேக் சாமான் செய்வது சென்னைக்கு அந்நியமான தொழில் இல்லை. 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் பாடியில்தான் இருக்கிறது. போலி பேட்டும் இதே ஊர்ச் சந்தையில் சுற்றுகிறது என்பதால் பில்லோடு வாங்குங்கள். புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பழைய பிரேக் சாமான் மட்டும் வாங்கக் கூடாது.

டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்து பார்த்து, அதற்குக் கீழே என்றால் புதிது. தடிமன் போதுமானதாக இருந்து வரி மட்டும் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். புது டிஸ்க் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். பிரேக் கிளீனரால் கழுவாமல் மாட்டினால் புது பேட் அன்றே பாழ். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துரும்பளவு துரு, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுக்கமாக வெளிப்படும்.

காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் பொங்கும். முன்பே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைத்தால் பெயிண்டோடு வரும். காலிப்பர் வழுக்கும் இரண்டு பின்களையும் உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரணப் பேரிங் கிரீஸ் அங்குள்ள ரப்பரை உப்பவைக்கும். பின் இறுகினால் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்து போகும். பேட் சீக்கிரம் தேய்கிறது என்று கம்பெனியைத் திட்டுபவர்கள் பலருக்கும் குற்றவாளி இந்தப் பின்தான்.

பின் டிரம்மில் ஒரே அறிவுரை: ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் திறங்கள். ஸ்பிரிங்குகள் எது எங்கே என்று குழம்பும்போது, பார்த்துச் செய்ய ஒரு மாதிரி மிச்சம் இருக்கும். டிரம் வராமல் அடம்பிடித்தால் அதன் முகத்தில் இரண்டு சிறு மரையுள்ள துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கினால் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் கம்ப்ரஸராலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாக விலக்கிப் பார்க்கையில் ஈரம் தெரிந்தால் சிலிண்டரையும் மாற்றிவிடுங்கள்.

ரப்பர் ஹோஸ் பத்து வருடம் தாண்டினால், வெளியே வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். உட்புறம் உப்பி, ஆயிலை ஒரு திசையில் போகவிட்டுத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டபிறகும் சக்கரம் பிடித்தபடி சூடாகும். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் உப்பாது, பெடல் இறுக்கமாக இருக்கும். ஆனால் புது ரப்பர் ஹோஸ் போட்டவுடன் வரும் மாற்றத்தையே பலர் "ஸ்டீல் ஹோஸ் போட்டால்தான் வரும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏர் எடுப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். என் வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் சீட்டில், நான் தரையில். முதல் முறை நான் "சரி" என்றதை அவன் "விடு" என்று எடுத்துக்கொண்டு காலை எடுத்துவிட்டான். நிப்பிள் திறந்திருக்க, அத்தனை காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்களுக்கு நான்கே வார்த்தை. நான் "அமுக்கு" என்பேன். அவன் அமுக்கிவிட்டு "அமுக்கிட்டேன்ப்பா" என்பான். நான் நிப்பிளைத் திறந்து ஆயில் வந்ததும் மூடிவிட்டு "விடு" என்பேன். அவன் "விட்டுட்டேன்" என்ற பிறகுதான் அடுத்தது. திருப்பிச் சொல்லாத உதவியாளர் உதவியாளரே இல்லை.

நிப்பிளில் கண்ணாடி டியூப் மாட்டி, அதன் நுனி கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலிருந்து தொடங்கலாம்: நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. மேனுவல் வேறு வரிசை சொன்னால் மேனுவல்தான் சரி. ஐந்து முறைக்கு ஒருதரம் மேலே டப்பாவைப் பார்த்து ஆயில் ஊற்றுங்கள். அது காலியானால் பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தினமும் பெடல் பாதி தூரம்தான் போய்வரும். மாஸ்டர் சிலிண்டரின் மீதிப் பாதி உள்சுவரில் பல வருட அழுக்கும் துருவும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கட்டையை வைக்காதவர்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் பெட்டிக்குள் காற்று புகுந்தால் பல மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது. ஆகவே அவ்வகை வண்டிக்காரர்கள் டப்பாவை ஒருபோதும் காலியாக விடக் கூடாது.

முடிந்ததும் எஞ்ஜினை அணைத்தபடி பெடலை மூன்று நான்கு முறை மிதியுங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது. பெடலில் கால் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்தால் அது ஒரு விரல் அளவு இறங்கும். பூஸ்டர் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம்.

செய்யாமல் விட்டவை

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றுவது: வேண்டாம். கடுமையாகப் பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் சாய்வதால் முன் சக்கரங்கள்தான் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேலை செய்கின்றன. பின்னால் பலம் கூடினால் பின் சக்கரம் முதலில் பூட்டும், வண்டி சுழலும். அந்தச் சமநிலையைத் தொழிற்சாலையில் அளந்து வைத்திருக்கிறார்கள். போர்ட்டிகோவில் அளக்க முடியாது.

ஸ்பிரிங்கை வெட்டுவது: ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் மீதி ஐந்தும் 20 சதவீதம் விறைக்கும். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் எஃகின் பதமும் போகும், வெட்டிய முனை தட்டில் உட்காராமல் ஆடும். சுருளுக்கு நடுவே சொருகும் ரப்பர் வளையமும் வேறு வேடத்தில் இதே வேலைதான். ஒரு சுருளை முடக்கி மீதியை வருத்தும். விறைத்த ஸ்பிரிங்கை அடக்கப் பழைய ஷாக்குக்குத் தெம்பு இருக்காது. தாழ்த்தும் ஸ்பிரிங் பற்றி: ஸ்விஃப்ட்டுக்குத் தரையிலிருந்து 170 மி.மீ. இடைவெளி. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படி ஒன்று உங்கள் தெருவில் இருந்தால் தாராளமாகத் தாழ்த்துங்கள்.

தடித்த ஸ்டெபிலைசர் பார் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆசை காட்டியது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் 46 சதவீதம் கூடுதல். ஆனால் முன்னால் மட்டும் கூட்டினால் வளைவில் மூக்கு வெளியே ஓடும். புது லிங்க் ராட் இரண்டு மாட்டியதும், ஆசை கடகடச் சத்தத்தோடு சேர்ந்து போய்விட்டது.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே அளவுப் புதுப் பாகம் போடுவதற்கு இதில் தடையில்லை.

ரோட்டுக்கு வருமுன்

திங்கள் காலை நேராக அலைன்மென்ட் கடைக்கு. பெயிண்ட் கோடு எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருந்தாலும் ஸ்ட்ரட்டைக் கழற்றிய வண்டியின் கோணம் மாறியிருக்கும். புது டயரையும் ஆயிரம் கிலோமீட்டரில் அது தின்றுவிடும். போகிற வழியில், காலியான ரோட்டில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு 60-லிருந்து 10 வரை எட்டு முறை நிதானமாகப் பிரேக் பிடியுங்கள். முழுசாக நிறுத்த வேண்டாம். சூடான பேட் ஒரே இடத்தில் அமுங்கி நின்றால் டிஸ்க்கில் அந்த இடத்தில் தழும்பு விழும். பிறகு பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். கருகிய வாடை கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் வந்தால் பயப்படுங்கள்.

100 கி.மீ. ஓடியபின் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் மறுபடி ஒரு சுற்று பாருங்கள். ஹோஸ் இணைப்புகளில் டிஷ்யூ தாளைச் சுற்றி எடுத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவின் பக்கத்தில் மார்க்கரால் இன்றைய மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, அதன்மேல் மாதமும் வருடமும் எழுதி வையுங்கள். மூடியில் எழுத வேண்டாம். மூடி அடுத்த சர்வீஸில் மாறிப்போகும்.